கடுப்பு, குடைச்சல், இழுப்பு

ஹம்ரியாவில், தையற்கடைக்கு மேலே, இரண்டாம் மாடி.
திரவியத்துக்கு இந்தி வராது, எனக்கு வரும்.
வெள்ளிக்கிழமைத் தூக்கத்தை அதற்காகத்தான் விட்டேன்.

காலையிலிருந்து அவனுக்குப் பச்சைத்தண்ணீர் மட்டும்.
வெறும் வயிறாக வரச் சொல்லியிருந்தார் குதாதாத்,
பலூச்சி, மஸ்கட்டிலேயே பிறந்தவர்.
பிறை பதினேழு, ஹிஜாமாவுக்கு நல்ல நாள் என்றார்.
பிறை பார்த்தா வந்தோம், லீவு பார்த்து வந்தோம்
என்று முனகினான் திரவியம்.
அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

எங்கே வலி என்று கேட்டார்.
சட்டையைக் கழற்றிக்கொண்டே தொடங்கினான்:
தோள்பட்டையில் கடுப்பு.
அதற்குக் கீழே, எலும்புக்குள்ளே,
எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு குடைச்சல்.
குனிந்தால் பிடிப்பு, நிமிர்ந்தால்
இடுப்பிலிருந்து கெண்டைக்கால்வரை இழுப்பு.
ராத்திரியில் அது உளைச்சலாகிவிடும்.
விடிந்தால் மரத்துப்போய் ஒன்றுமே இருக்காது,
அந்த ஒன்றுமே இல்லாததுதான் பயமாயிருக்கு என்றான்.

குதாதாத் என்னைப் பார்த்தார்.
தர்த், என்றேன்.
இவ்வளவு நேரம் பேசினாரே?
பஹுத் தர்த், என்று சேர்த்துக்கொண்டேன்.

அதற்குமேல் அவர் என்னிடம் கேட்கவில்லை.
பிடரியில் கட்டைவிரலை ஊன்றி
ஒவ்வொரு கணுவாக இறங்கினார்.
நான்காவது இடத்தில் திரவியத்தின் கால்
விரிப்பை உதைத்தது.
"இதத்தான் சொன்னேன்!" தமிழில்தான் கத்தினான்.
தலையாட்டினார் அவர்.
என் வேலை போயிற்று.

ஏழு குவளைகள். துப்பாக்கி மாதிரி ஒரு பம்பு.
இழுக்க இழுக்க
பணியாரக் குழியில் மாவு உப்புவதுபோல
உள்ளே சதை எழும்பி நின்றது.
பிறகு கழற்றி, பிளேடு நுனியால்
பூனைக்குட்டி பிராண்டியது போலக் கீறி,
மறுபடி கவிழ்த்தார்.
ரத்தம் ஓடவில்லை. கூடியது.
கோழி ஈரல் நிறத்தில், கொழகொழவென்று.
அறை முழுக்கக் கருஞ்சீரக எண்ணெய் வாசம்,
சன்னலுக்கு வெளியே ஏசிப் பெட்டி,
அதற்கும் பின்னால் ஒரு புல்கூட இல்லாத மலை.

தலையணைக்குள்ளிருந்து குரல் வந்தது:
"இத எங்க அனுப்புவாங்க?"

அவனுக்குத் தெரிந்த ரத்தமெல்லாம் எங்கோ போகிற ரத்தம்.
விசா மெடிக்கலுக்கு, இரண்டு வருஷத்துக்கு ஒருதரம்,
சின்னக் குழாயில், எண் ஒட்டி.
முடிவு வரும்வரை சோறு இறங்காது.
போன தடவை எனக்கும்தான் இறங்கவில்லை.

எங்கும் இல்லை, என்று சிரித்தார் குதாதாத்,
மஞ்சள் பையைக் காட்டினார்.
"யாரும் பாக்க மாட்டாங்களா?"
யாரும் பார்க்க மாட்டாங்க, என்றேன்.
அப்போதுதான் அந்த முதுகு
பலகையில் படிந்தது.

எப்போதிருந்து என்ற கேள்விக்கு
காலாவில் அந்தக் கட்டடம், லிஃப்ட் ரிப்பேர் என்றான்,
ஐந்தாம் மாடிக்கு ஜிப்சம் பலகை.
அறுபத்திரண்டு நடை.
ஃபோர்மேன் அறுபது என்று எழுதினதால் எண்ணிக்கை மறக்கவில்லையாம்.
பாஸட், என்று சொன்னேன் நான்.
அன்றைக்கு முழுசாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது
அந்த ஒரு சொல்லைத்தான்.

எட்டு ரியால் கேட்டிருந்தவர் ஆறு வாங்கிக்கொண்டார்.
ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

கீழே கடையில் கரக் சாயா, ஒரு பொரோட்டா.
நாற்காலியில் சாயாமல்
நேராக உட்கார்ந்து தின்றான், பரீட்சை எழுதுகிறவன் மாதிரி.
சுயம்புகனி வீடியோவில் கூப்பிட்டாள்.
மேல்பொத்தானைப் போட்டுவிட்டு எடுத்தான்.
பிடரி வட்டம் ஒன்று அப்படியும்
காலருக்கு மேலே எட்டிப் பார்த்தது.
என்னங்க அது, என்றாள்.
கொசு, என்றான்.
அவ்வளவு பெரிய கொசுவா?
கல்ஃப் கொசு, என்றான்.

ரூவி நிறுத்தத்தில் கேட்டேன், குறைஞ்சுதா என்று.
நின்றான். கண்ணை மூடி
உள்ளுக்குள் எதையோ தடவிப் பார்த்தான்.
"இடம் மாறியிருக்கு" என்றான்.

அதை இந்தியில் எப்படிச் சொல்வது
என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே
பஸ் வந்துவிட்டது.